வெனிலா மணக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

டிசம்பர் பிறந்தால் கேக் சீசன். கூடவே வெனிலாப் புகார்களும் வரத் தொடங்கிவிடும். "எசன்ஸ் ஊத்தியும் வாசமே இல்லை", "ரெண்டு மாசம் ஊறவெச்சும் வோட்கா வாடைதான் அடிக்குது", "காய் மேல வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு, தூக்கிப் போட்டுடவா?" வருஷா வருஷம் இதே கேள்விகள்தான். பார்த்தவரையில் பெரும்பாலான கோளாறுக்கு இரண்டே காரணம். வீட்டில் எக்ஸ்ட்ராக்ட் ஊறவைக்கும்போது வெனிலாக் காயை நிறுக்காமல் எண்ணிப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால், எசன்ஸே போதும் என்கிற இடத்தில் அசலையும், அசல் வேண்டிய இடத்தில் எசன்ஸையும் ஊற்றியிருப்பார்கள்.

உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, நேராக அங்கே போய்விடுங்கள். செலவில்லாத சோதனை முதலில், பணம் போட வேண்டியது கடைசியில் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். கையில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு வெள்ளை சாஸர், வெயில் விழும் ஜன்னல் இருந்தால் போதும். இங்கே எசன்ஸ் என்றால் கடையில் கிடைக்கும் செயற்கைச் சரக்கு. எக்ஸ்ட்ராக்ட் என்றால் வெனிலாக் காயை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த அசல்.

பாட்டிலில் இருப்பது அசலா, செயற்கையா என்று தெரியவில்லை

முதலில் லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் காயும் பூவும் படம் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பொருட்கள் பட்டியலில் எத்தில் வெனிலின், புரொப்பிலீன் கிளைக்கால், கேரமல் நிறமி என்று இருந்தால் அது எசன்ஸ். பெயர் போடாமல் எண் மட்டும் போட்டிருப்பார்கள்: ஐஎன்எஸ் 1520 என்றால் புரொப்பிலீன் கிளைக்கால், 150 என்று தொடங்கினால் கேரமல். "இயற்கைக்கு ஒத்த சுவையூட்டி" என்பதும் ஆய்வகத்தில் செய்ததுதான். அசலில் வெனிலாக் காய், ஆல்கஹால், தண்ணீர் இருக்கும். சிலர் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள்.

லேபிள் தெளிவாக இல்லையென்றால் விலையைக் கணக்குப் போடுங்கள். அமெரிக்காவில் எக்ஸ்ட்ராக்ட் என்று பெயர் போட்டு விற்க, ஒரு காலனுக்கு 13.35 அவுன்ஸ் காயும் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹாலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் கணக்கில் லிட்டருக்கு 100 கிராம் காய். அப்படியானால் 100 மி.லி. பாட்டிலுக்குள் 10 கிராம் காயின் சாரம் இருக்க வேண்டும். 10 கிராம் காயின் இன்றைய விலையை விசாரியுங்கள். பாட்டிலின் விலை அதைவிடக் குறைவு என்றால் அது அசலாக இருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது, சாஸர் சோதனை. நாலைந்து சொட்டு விட்டு ராத்திரி முழுக்கத் திறந்தே வையுங்கள். எசன்ஸ் காலையிலும் ஈரமாக, எண்ணெய் மாதிரி வழவழப்பாக இருக்கும். வாசம் ஒரே சுதியில் தூக்கலாக அடிக்கும். எக்ஸ்ட்ராக்டில் ஆல்கஹால் பறந்துபோய் லேசான பிசுபிசுப்புடன் பழுப்பு வளையம் நிற்கும். அதை மோந்தால் கொஞ்சம் மரம், கொஞ்சம் உலர்பழம், லேசான புகை எனக் கலவையாக வரும். இது ஒரு துப்பு மட்டும்தான், நிரூபணம் ஆகாது.

நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். கேரமல் எந்தக் கருமையையும் கொடுக்கும். கறுப்புப் புள்ளி மிதப்பதையும் நம்ப முடியாது. சாரம் எடுத்து முடித்த காயின் விதையைத் தனியாக வாங்கித் தூவ முடியும், அதில் வாசம் இருக்காது.

கேக், பிஸ்கட்டில் ஊற்றியும் வாசம் வரவில்லை

*எப்போது சேர்த்தீர்கள்?* சூடான பாலிலோ கொதிக்கும் பாகிலோ ஊற்றியிருந்தால் பாதி அப்போதே ஆவியாகியிருக்கும். கேக்கில் வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போதே சேர்த்துவிடுங்கள், கொழுப்பு வாசத்தைப் பிடித்துவைக்கும். கஸ்டர்டு, பாயசம் என்றால் அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு.

*எவ்வளவு ஊற்றினீர்கள்?* 250 கிராம் மைதாவுக்கு எக்ஸ்ட்ராக்ட் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. எசன்ஸுக்கு இந்தப் பொது அளவு பொருந்தாது. சில பாட்டில்களில் சொட்டுக் கணக்கு போட்டிருப்பார்கள், சிலவற்றில் ஸ்பூன் கணக்கு. லேபிளில் உள்ளபடியே ஊற்றுங்கள்.

*எதில் ஊற்றினீர்கள்?* அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். காயில் வெனிலின் என்ற முக்கிய வாசப் பொருளோடு 200-க்கும் மேற்பட்ட மெல்லிய வாசங்கள் இருக்கின்றன. எசன்ஸில் உள்ள வெனிலினும் காயில் உள்ளதும் ஒரே மூலக்கூறுதான். கூட வரும் அந்த மெல்லிய வாசங்கள்தான் எசன்ஸில் இல்லை. அவைதான் சூட்டில் முதலில் ஓடிப்போகிறவை. பிஸ்கட் மெல்லியது, ஓடிஜியில் 180 டிகிரியில் விளிம்பு வரை வறண்டுவிடும். அதில் விலை உயர்ந்த எக்ஸ்ட்ராக்டை ஊற்றினால் அடுப்படி மணக்கும், பிஸ்கட் மணக்காது. கேக்கின் உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் அங்கே கொஞ்சம் மிஞ்சும்.

அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பிஸ்கட், பன், சாக்லேட் கேக், மசாலா போட்ட பிளம் கேக்: நல்ல எசன்ஸ் போதும், அசலை வீணாக்க வேண்டாம். கஸ்டர்டு, பாசந்தி, ஐஸ்கிரீம், பன்னகோட்டா, அடித்த கிரீம் என்று வெனிலா சேர்த்தபின் சூடு படாத, பாலும் கிரீமும் முன்னால் நிற்கிற எதற்கும் அசல்தான். இதில் சமரசம் செய்யாதீர்கள். பாலில் எசன்ஸின் ஒற்றை வாசம் அப்பட்டமாகத் தெரியும். அசலோ பாலோடு இழைந்துவிடும். வெறும் வெனிலா ஸ்பாஞ்சு கேக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு மாவில் எசன்ஸும், சுட்டபின் மேலே தடவும் சர்க்கரைப் பாகில் எக்ஸ்ட்ராக்டும் சேர்ப்பது என் வழக்கம்.

ஐஸ்கிரீம் கலவை சூடாக இருக்கும்போது வாசம் சரியாகத் தெரிந்து, உறைந்தபின் மங்கிவிட்டதா? குளிர்ச்சி வாசத்தை அமுக்கும். கலவையிலேயே சற்றுத் தூக்கலாக இருக்கும்படி சேர்க்க வேண்டும்.

கசக்கிறது, மருந்து வாடை அடிக்கிறது

எசன்ஸ் கூடிப்போயிருக்கும். எத்தில் வெனிலின் சாதாரண வெனிலினைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வீரியம், அரை ஸ்பூன் கூடினாலே நாக்கின் பின்பக்கம் கசப்பு நிற்கும். மாவு இன்னும் சுடவில்லையென்றால் எசன்ஸ் இல்லாத இன்னொரு பங்கு மாவைக் கலந்து சமன்செய்யலாம். சுட்டாகிவிட்டது என்றால் வழியில்லை.

எசன்ஸ் அளவு சரிதான் என்றால் சமையல் சோடாவைப் பாருங்கள். தயிர், எலுமிச்சை, வினிகர் என்று புளிப்பு எதுவும் சேராத மாவில் சோடா கூடினால் சோப்புக் கசப்பு வரும். பழி வெனிலா மேல் விழும்.

வீட்டில் செய்த எக்ஸ்ட்ராக்டிலேயே ஆஸ்பத்திரி வாடை, கருகிய வாடை வருகிறதா? காய் சரியாகப் பதப்படாமல் கெட்டிருக்கிறது. எத்தனை மாதம் வைத்தாலும் அது தேறாது.

முட்டை வாடை போகவில்லை

எசன்ஸைக் கூட்டினால் முட்டை வாடையோடு எசன்ஸ் வாடையும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அறைச் சூட்டுக்கு வரவிட்டு அடியுங்கள். நடுவில் குச்சி விட்டுப் பார்த்து முழுசாக வேகவிடுங்கள். எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம் சேர்த்தால் ஒரு டீஸ்பூன் வெனிலாவே தாராளம். கஸ்டர்டில் முட்டை வாடை அடித்தால் தீ கூடிவிட்டது என்று பொருள்.

உருக்கிய சாக்லேட் திரண்டுவிட்டது. வெள்ளைக் கிரீம் பழுப்பேறிவிட்டது

எக்ஸ்ட்ராக்டில் பாதிக்கு மேல் தண்ணீர். உருகிய சாக்லேட்டில் சில சொட்டுத் தண்ணீர் பட்டாலே கெட்டிதட்டிவிடும். வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலக்கினால் மறுபடி இளகும். சாஸாகப் பயன்படுத்தலாம், அச்சில் வார்க்க உதவாது. அடுத்த முறை வெனிலாவைக் கிரீமில் கலந்து, பிறகு சாக்லேட்டில் சேருங்கள். தூய வெள்ளைக் கிரீம்தான் வேண்டும் என்றால் நிறமில்லாத எசன்ஸ் வாங்குங்கள்.

வீட்டில் ஊறவைத்த எக்ஸ்ட்ராக்டில் ஆல்கஹால் வாடை மட்டும்தான் வருகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

*மோந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள்.* பாட்டிலைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹால்தான், ஒரு வருஷம் ஆன பாட்டிலிலும் அப்படித்தான். இரண்டு டம்ளரில் அரை அரை டம்ளர் வெதுவெதுப்பான பால் எடுத்து, ஒரே அளவு சர்க்கரை போடுங்கள். ஒன்றில் மட்டும் அரை டீஸ்பூன் எக்ஸ்ட்ராக்ட் விட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் கோளாறே இல்லை.

*எத்தனை நாள் ஆயிற்று?* நிறம் ஒரு வாரத்திலேயே இறங்கிவிடும், வாசம் அப்படி இறங்காது. எட்டு வாரத்துக்குமுன் திறக்க வேண்டாம். ஆறு மாதம் என்றால் நல்லது, ஒரு வருஷம் என்றால் இன்னும் நல்லது. வெயில் படாத அலமாரியில் வைத்து, வாரம் ஒருமுறை குலுக்குங்கள்.

*காய் எத்தனை கிராம்?* வீடியோக்களில் 250 மி.லி. பாட்டிலில் மூன்று காயைப் போட்டுக் காட்டுவார்கள். நல்ல கொழுத்த காய் மூன்று கிராம் இருக்கலாம், காய்ந்த சின்னது ஒன்றரை கிராம்கூட இருக்காது. மூன்று காய் என்பது அதிகபட்சம் 9 கிராம். தேவையோ 25 கிராம். கணக்கு எளிது: மில்லியைப் பத்தால் வகுத்தால் எத்தனை கிராம் காய் என்று வந்துவிடும். 250 மி.லி.க்கு 25, 750 மி.லி. முழு பாட்டிலுக்கு 75. எடை குறைந்தால் எத்தனை வருஷம் வைத்தாலும் ஈடாகாது. குறைகிற எடைக்குக் காய் வாங்கிப் போட்டு, நாளை முதலிலிருந்து எண்ணுங்கள். காய் வாங்கக் காசில்லையென்றால் ஆல்கஹாலில் ஒரு பங்கை வேறு பாட்டிலுக்கு மாற்றி, இருக்கிற காய்க்கு ஏற்ற அளவு மட்டும் விட்டுவையுங்கள்.

*காயைக் கீறினீர்களா?* முழுசாகப் போட்டால் சாரம் இறங்க ரொம்ப காலம் பிடிக்கும். நீளவாக்கில் கீறி, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, பிசினும் விதையும் வெளியே தெரியும்படி போடுங்கள்.

*எந்த ஆல்கஹால்?* இங்கே விற்கும் வோட்கா லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும், அதுவே சரியானது. மலிவானதே போதும், பழம், மிளகாய் எனச் சுவை சேர்த்தது வேண்டாம். ரம்மிலும் செய்யலாம், ரம் வாசம் கூடவே வரும். பிளம் கேக்குக்கு அது பொருத்தம். பீர், வைன் வீரியம் போதாது, காய் அதில் கெட்டுவிடும். சானிடைசர், சர்ஜிக்கல் ஸ்பிரிட், பெயின்டுக்கடை ஸ்பிரிட், எங்கே காய்ச்சியது என்று தெரியாத சாராயம் எதையும் பாட்டிலுக்குள் விடாதீர்கள். மெத்தனால் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

*காயே சரியில்லையா?* செலவு வைக்கும் காரணம் என்பதால் கடைசியில் வருகிறது. காயை விரலில் சுற்றிப் பாருங்கள். ஒடியாமல் உலர்திராட்சை போல வளைந்து கொடுத்து, விரலில் லேசான எண்ணெய்ப் பசையை விட்டால் முதல் தரம். எக்ஸ்ட்ராக்டுக்கு அது கட்டாயமில்லை. கொஞ்சம் வறண்ட இரண்டாம் தரத்தில் தண்ணீர் குறைவு, நாம் கொடுக்கும் காசு சாரத்துக்குப் போகிறது, விலையும் குறைவு. ஆனால் சருகாக ஒடிந்து, கீறினால் உள்ளே பிசினே இல்லாமல் மோந்தால் வைக்கோல் வாடை வந்தால், பழசு அல்லது ஏற்கெனவே சாரம் எடுத்தது.

தோட்டத்திலிருந்து பச்சைக் காய் பறித்து வந்து நேராக வோட்காவில் போட்டவர்களும் உண்டு. பச்சைக் காயில் வெனிலா வாசம் கிடையாது. 63 முதல் 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிஷம் முக்கி எடுத்து, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வெயிலிலும் நிழலிலும் வாரக்கணக்கில் உலர்த்தி, பெட்டியில் மாதக்கணக்கில் மூடிவைத்தால்தான் வாசம் பிறக்கும். ஆறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோதான் தேறும். கையளவு காயை வைத்து வீட்டில் இதைச் செய்தால் பூசணம்தான் மிஞ்சும். பதப்படுத்தத் தெரிந்த விவசாயியிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் இறங்கட்டும் என்று பாட்டிலை அடுப்பில் வைப்பது, குக்கரில் வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். ஆல்கஹால் ஆவி தீயைக் கண்டால் பற்றிக்கொள்ளும்.

காய் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது

தூக்கிப் போடுவதற்குமுன் வெயிலில் பிடித்துப் பாருங்கள். நல்ல காயில் வெனிலின் வெளியே வந்து படிகமாக நிற்கும். கிட்டத்தில் பார்த்தால் ஊசி ஊசியாக, காயின் நீளத்தில் ஆங்காங்கே குத்திட்டு நிற்பது தெரியும். காயைத் திருப்பும்போது பளிச்சென்று மின்னும். விரலால் அழுத்திப் பிடித்தால் வாசம் கிளம்பும். அது தரத்தின் அடையாளம். துடைக்கக்கூட வேண்டாம்.

பூசணம் மின்னாது. மங்கலாக, பஞ்சுபோல், காம்புப் பக்கமோ மடிப்பிலோ திட்டாகத் தொடங்கிப் பரவும். பல்குத்தும் குச்சியால் தொட்டால் நூலாக இழுபடும், ஈரத்துணி வாடை அடிக்கும். அந்தக் காயையும் அதை ஒட்டிக் கிடந்தவற்றையும் போட்டுவிடுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிவதோ, ஆல்கஹால் கொன்றுவிடும் என்று நம்பி பாட்டிலில் போடுவதோ கூடாது. பூசணம் செத்தாலும் அது விட்டுப்போன நச்சு போகாது. மிச்சக் காய்களைத் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில், ஃபிரிட்ஜுக்கு வெளியே குளிர்ந்த இருட்டில் வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து எடுத்து வைத்தால் காயில் ஈரம் கோத்து அதுவே பூசணத்துக்கு வழி செய்யும்.

பாட்டிலுக்குள் கலங்கல், மிதக்கும் திப்பி, எண்ணெய்ப் படலம்

கொழுத்த காயின் பிசின் மேலே மிதப்பது சகஜம். குலுக்கினால் கரையும், வேண்டுமானால் காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டலாம். விதை அடியில் தங்குவதும் அப்படியே. ஆனால் காய் ஆல்கஹாலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்து, அந்த நுனியில் பஞ்சு பிடித்திருந்தால் மொத்த பாட்டிலும் போயிற்று. இதைத் தடுப்பது சுலபம்: எந்தத் துண்டும் வெளியே தெரியாத அளவுக்கு நறுக்குங்கள்.

ஆல்கஹால் வீட்டுக்குள் வேண்டாம் என்பவர்கள் உணவுத் தரக் கிளிசரினில் ஊறவைக்கிறார்கள்: மூன்று பங்கு கிளிசரின், ஒரு பங்கு கொதித்து ஆறிய தண்ணீர். வாசம் சற்று மட்டுதான். தண்ணீர் கூடினால் கெட்டுவிடும், ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், காயைக் கீறி விதையைச் சர்க்கரையில் கலந்து, தோலையும் அதிலேயே புதைத்துவைப்பது மேல்.

கட்டுப்படியாகவில்லை

வெனிலாப் பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மன்ட் ஆல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன் 1841-இல் கண்டுபிடித்துக் காட்டிய அந்த முறையில்தான் இன்றும் தோட்டங்களில் வேலை நடக்கிறது. பெரும்பங்கு விளைவது மடகாஸ்கரில். அங்கே புயல் அடித்தால் உலகம் முழுக்க விலை ஏறும். 2000-இல் வந்த ஹூடா புயலுக்குப் பின் ஏறிய விலையைப் பார்த்துத்தான் குடகு, இடுக்கி, வயநாடு, பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் கொடியை நட்டார்கள். விலை சரிந்ததும் பலர் பிடுங்கிப் போட்டார்கள். 2017-இல் எனாவோ புயல் வந்தபின் அடுத்த ஆண்டு கிலோ 600 டாலரைத் தொட்டது. 2023-இல் மடகாஸ்கர் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையை நீக்கியபின் நன்றாக இறங்கியது. ஆகவே பழைய விலையை மனசில் வைத்துக்கொண்டு ஒதுங்க வேண்டாம், புதிதாக விசாரியுங்கள்.

வாங்கும்போது "பத்து காய்" என்று விற்பவரிடம் எத்தனை கிராம் என்று கேளுங்கள். தென்னிந்தியாவில் கொடியை விடாமல் காப்பாற்றிப் பதப்படுத்தும் விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். முடிந்தால் அவர்களிடமே எடைக்கு வாங்குங்கள். அவ்வளவு உழைப்புக்கு உரிய காசு நேராக அவர்கள் கைக்குப் போக வேண்டும். நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து 100 கிராமாக வாங்கினால் விலை குறையும். எக்ஸ்ட்ராக்ட் தீர்ந்தபின் காயை எறியாதீர்கள். நன்றாகக் காயவைத்துச் சர்க்கரையோடு மிக்சியில் அடித்தால் டீக்கும் பிஸ்கட்டுக்கும் ஆகும்.

எப்போது மற்றவர் உதவி வேண்டும்

குழந்தை எக்ஸ்ட்ராக்ட் பாட்டிலைக் குடித்துவிட்டால் காத்திருக்காதீர்கள். அது 35 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால். 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். தவறான ஸ்பிரிட்டில் செய்ததைக் குடித்து யாருக்காவது கண் மங்கினாலோ வாந்தி, வயிற்றுவலி வந்தாலோ அதேதான்; மோர் கொடுத்துப் பார்ப்போம் என்று நேரத்தைக் கடத்த வேண்டாம்.

அசல் என்று சொல்லி செயற்கையை விற்றுவிட்டார்கள் என்ற சந்தேகம் ஒரு சின்ன பாட்டிலோடு நின்றால், கடையை மாற்றுவதோடு விட்டுவிடலாம். பேக்கரிக்கு மொத்தமாக வாங்குகிறீர்கள் என்றால் ஆய்வகச் சோதனைக்குச் செலவழிப்பது நியாயம். வெனிலின் அளவையும், அது காயிலிருந்து வந்ததா என்பதையும் கார்பன் ஐசோடோப்பு வரை போய்ச் சோதிக்க வழி இருக்கிறது. எந்த ஆய்வகத்தில் என்ன சோதனை செய்கிறார்கள் என்று நறுமணப் பொருள் வாரியத்தின் தர ஆய்வகத்தில் முதலில் கேளுங்கள். கொச்சியிலும் சென்னையிலும் இருக்கிறது. புகார் கொடுப்பதென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம்.

வீட்டில் செய்ததை விற்க நினைத்தால், முதல் பாட்டில் விற்பதற்கு முன்பே அதே அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வேண்டும். ஆல்கஹால் கலந்த பொருள் என்பதால் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் விதி ஏதும் பொருந்துமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.